குழந்தைக்குத் தயாராகும் தம்பதிகளுக்கு: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

கல்யாணமாகி ஆறு மாதம் தாண்டினால் போதும், எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் பந்தியில் வைத்தே "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிடுவார்கள். கேள்வி பெண்ணிடம்தான் வரும். ஆனால் தயாராக வேண்டியது இரண்டு பேரும்.

முதல் வேலை, கணவருக்கு. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகும். இன்று சிகரெட்டையும் குடியையும் விட்டால் பலன் அதற்கப்புறம்தான் தெரியும். மடியில் லேப்டாப் வைத்து வேலை பார்ப்பதையும் நிறுத்துங்கள், விதைப்பைக்குச் சூடு ஆகாது.

மனைவிக்கு. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ருபெல்லா என்ற அம்மைக்கான தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் தள்ளித்தான் முயற்சி செய்ய வேண்டும். ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருத்தரித்த முதல் நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போன பிறகு மாத்திரையைத் தொடங்கினால் தாமதம்.

நாள் கணக்கு. எங்களை ரொம்ப நாள் குழப்பியது இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். வீட்டில் மைனிமார், அத்தைமார் தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து எண்ணுவார்கள். மருத்துவக் கணக்கில் உதிரம் பட்ட முதல் நாள்தான் 1. இந்த வித்தியாசமே மூன்று நான்கு நாளை விழுங்கிவிடும்.

இன்னொன்று, கருமுட்டை வெளிவருவது "பதினாலாம் நாள்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. அது 28 நாள் சுழற்சிக்குத்தான். ஜூன் 3-இல் வந்து அடுத்தது ஜூலை 7-இல் வந்தால் உங்கள் சுழற்சி 34 நாள். அடுத்த உதிரத்துக்குச் சுமார் 14 நாள் முன்புதான் முட்டை வெளிவரும், அதனால் 34-இல் 14 கழித்தால் 20. கருமுட்டை வெளிவருவது சுமார் 20-ஆம் நாள். முட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும், விந்தணுவோ உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே 15 முதல் 20 வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதும். செல்போன் செயலியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போடுங்கள், இரண்டு பேர் கண்ணிலும் படும். மெடிக்கலில் கிடைக்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப் (முட்டை வெளிவரும் நாளைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் பட்டை) உதவும். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தால் மட்டும் அது தப்பாகக் காட்டக்கூடும்.

சாப்பாடு. சாளையும் நெத்திலியும் தாராளமாக. சுறா, சீலா போன்ற பெரிய மீனில் பாதரசம் அதிகம், தவிர்த்துவிடுங்கள். முருங்கைக்கீரை, உளுந்தங்களி நல்லது. காபி நாளுக்கு இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்துங்கள். ராத்திரி பரோட்டாவுக்குப் பதில் அரை மணி நேரம் சேர்ந்து நடங்கள்.

பிறகு சேர்த்தது: "கருப்பட்டிதானே, சர்க்கரை இருந்தாலும் களியில் போடலாமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். கூடாதும்மா, கருப்பட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் அக்கா ஒருவரும், "இந்த வேலையால் பாதிப்பு உண்டா?" என்று கேட்டிருந்தார். புகையிலைச் சத்து தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் அக்கா. இந்த மாதங்களில் வேலையை நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் தூளைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள். டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள். கணவரின் விந்துப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்; வலியில்லாதது, செலவும் குறைவு. அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விலகி இருக்க வேண்டும்.