பஸ்ஸில் காடு பார்க்கப் போகிறீர்களா? குளிர்காலத்தில் போங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சொந்தபந்தத்தோடு பஸ் பிடித்து ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி வனவிலங்கு சரணாலயம் போக நினைப்பவர்கள், இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு வார இறுதியைப் பாருங்கள். அப்போது மழை குறைவு. புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். பஸ் இருக்கை உயரமானது என்பதால் கார்க்காரர்களுக்குத் தெரியாததும் நமக்குத் தெரியும்.

ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். முதல் நாள் செயின்ட் லூசியாவில் தங்கினால், விடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் காட்டின் வாசலுக்குப் போய்விடலாம். அந்த ஊரில் இருட்டிய பிறகு நீர்யானைகள் தெருவிலேயே மேயும்; பிள்ளைகளை வெளியே விடவே வேண்டாம்.

உள்ளே போனதும் டிரைவரிடம் சொல்லி, விலங்கு தெரிந்தால் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடாதீர்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கேமராவை அதில் ஒட்டிப் பிடித்தால் படத்தில் பிரதிபலிப்பு விழாது. பெரிய பஸ் மண்பாதைகளுக்கு ஒத்துவராது; அதனால் திறந்த ஜீப்பில் ஒரு சுற்றுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். காலைக் குளிர் கடுமை, கம்பளி அவசியம்.

1895-இல் காப்பகமான காடு இது. நூறுக்கும் கீழே போய்விட்ட தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் மீண்டு பெருகியது இங்கேதான். அதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அப்புறம், வழியில் வரும் கரும்புத் தோட்டங்களையும் காட்டுங்கள். 1860 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் உழைத்த மண் அது.