பழைய காரின் டிஃபரன்ஷலைப் பிரித்துச் சேர்க்க எந்தக் கருவியை வாங்குவது, எதைச் செய்துகொள்வது

கொழும்பில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர்கள் பலவற்றில், மணிக்கு நாற்பது மைல் வேகத்தைத் தொட்டதும் பின்னாலிருந்து ஓர் ஊளைச் சத்தம் எழுகிறது. காருக்கு வயதாகிவிட்டது என்று உரிமையாளர்கள் அதற்குப் பழகிக்கொள்கிறார்கள். முன்னொரு நாள் பெயாரிங் மாற்றியவர் அளக்காமல் விட்ட சிறு இடைவெளிதான் பெரும்பாலும் அப்படி ஒலிக்கிறது. என்னுடைய 1961ஆம் ஆண்டு மைனரிலும் இதுவே நடந்தது. புதிய பெயாரிங்குகளைப் போட்டு, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களில் பழையவற்றையே அப்படியே திருப்பி வைத்துப் பூட்டிக் கொடுத்தார்கள். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பகிரும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷல், முன்பு அமைதியாக இருந்தது, அன்றிலிருந்து ஊளையிடத் தொடங்கியது. அதை நானே மறுபடி பிரித்தபோது கற்றுக்கொண்டது இதுதான்: இந்த வேலைக்கு வேண்டிய கருவிகளில் பலத்தைத் தருபவை ஒரு வகை, அளவைத் தருபவை இன்னொரு வகை. முதல் வகையைச் செய்துகொள்ளலாம், இரவல் வாங்கலாம், லேத் பட்டறைக்குப் போய்ப் பயன்படுத்தலாம். கையிலுள்ள பணத்தை இரண்டாவது வகைக்கே செலவிட வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் காரின் பின் எக்ஸல் (பின்சக்கர அச்சு) எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மொரிஸ் மைனர் 1000, ஒஸ்டின் ஏ35, ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் போன்றவற்றில் டிஃபரன்ஷல் முழுவதும் ஒரு தனிக் கூட்டில் அமர்ந்து, எக்ஸல் உறையின் முன்பக்கமாகக் கழன்று வரும். அதை மேசையில் வைத்து நிதானமாக வேலை செய்யலாம். எம்.ஜி.பி. காரின் பிற்காலக் குழாய் வகை எக்ஸலில் அப்படியில்லை. டிஃபரன்ஷலை வெளியே எடுக்க உறையையே மிகச் சிறிதளவு விரிக்க வேண்டும், அதற்கென்றே விரிப்பான் ஒன்று உண்டு. அந்தக் கருவி இல்லாமல் கடப்பாரையால் நெம்பியவர்கள் வளைந்த உறையோடு நிற்பதைக் கண்டிருக்கிறேன். கீழே சொல்லப்படுவது பெரும்பாலும் மைனர் வகை எக்ஸலைப் பற்றியது.

பிரிப்பதற்குச் சிறப்புக் கருவி அதிகம் தேவையில்லை. ஒயிலை வடித்துவிட்டு, காரை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, பிரேக் டிரம்களைக் கழற்றி, எக்ஸல் தண்டுகள் இரண்டையும் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பெல்லர் தண்டின் ஃபிளாஞ்சையும் (போல்ட் பூட்டும் வட்ட விளிம்பு), டிஃபரன்ஷலின் சிறிய பற்சக்கரமான பினியனின் ஃபிளாஞ்சையும் பிரிக்கும் முன் இரண்டிலும் ஒரே நேர்கோட்டில் அடையாளம் போடுங்கள். நட்டுகள் யாவும் அங்குல அளவு என்பதால், மில்லிமீற்றர் சாவியை இறுக்கிப் பொருத்தி மூலைகளை உருட்டிவிட வேண்டாம். டிஃபரன்ஷல் பெயாரிங்குகளைப் பிடிக்கும் தொப்பிகள் இரண்டும் அந்தந்த இடத்திலேயே வைத்துக் கடையப்பட்டவை. இடம் மாற்றினால் பொருந்தாது. சென்ரர் பஞ்சால் இடப்பக்கத்துக்கு ஒரு புள்ளியும் வலப்பக்கத்துக்கு இரண்டும் குத்திவிட்டுக் கழற்றுங்கள். பெயாரிங்கில் பொறித்துள்ள எழுத்து எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ஷிம்மையும் எடுத்த பக்கத்தின் பெயரெழுதிய தனிப் பையில் போடுங்கள். தேய்ந்த பெயாரிங்காக இருந்தாலும், தொழிற்சாலையில் பொருத்திய அளவை அந்த ஷிம்கள்தாம் உங்களுக்குச் சொல்லும்.

இனிப் பலம் தரும் கருவிகள். பினியன் நட்டு ஏறக்குறைய 140 அடி-இறாத்தல், அதாவது 190 நியூட்டன்-மீற்றர் முறுக்கில் இறுக்கப்படுவது. அதைத் திருப்பும்போது ஃபிளாஞ்ச் சுழலாமல் பிடிக்க, மொரிஸ், ஒஸ்டின் கார்களைத் தயாரித்த பி.எம்.சி.யின் கார்களுக்குச் சிறப்புக் கருவிகள் செய்த சேர்ச்சில் நிறுவனம் 18ஜி 34ஏ என்ற எண்ணில் ஒரு பிடியைத் தந்தது. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடையொன்றில் ஒரு மீற்றர் நீளமான தடித்த பட்டை இரும்பு வாங்கி, ஃபிளாஞ்சின் போல்ட் துளைகளுக்கு ஏற்ப இரண்டு துளையும், நடுவே நட்டுக்குச் சாவி நுழையும் அளவில் பெரிய துளையொன்றும் போட்டால் அதே வேலையைச் செய்யும். காற்றழுத்தத்தால் நட்டைத் திருப்பும் துப்பாக்கியை மட்டும் இந்த நட்டின் அருகே கொண்டுவராதீர்கள். அது கழற்றும்போது நேரத்தை மிச்சப்படுத்தும். பூட்டும்போது பெயாரிங்கைக் கெடுத்துவிடும்.

பெயாரிங்கை இழுக்கும் கருவியில் சிக்கனம் வேண்டாம். பினியன் தலையை ஒட்டி அமர்ந்திருக்கும் பெயாரிங்கின் பின்னால் சாதாரண மூன்று கால் புல்லரின் நகம் நுழையாது. கத்தி விளிம்புள்ள இரண்டு அரைவட்டத் தட்டுகளைப் போல்ட்டால் நெருக்கும் பிரிப்பான் ஒன்று வேண்டும். அது இடுக்கில் நுழைந்து, உருளைகளில் விசை விழாமல் உள்வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைப் பூட்டிக்கொண்டு ஹைட்ரோலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். பஞ்சிகாவத்தையைச் சுற்றி அத்தகைய பட்டறைகளுக்குக் குறைவில்லை. சில நிமிட வேலைக்காகப் பிரஸ் வாங்கி வீட்டில் இடத்தை அடைக்கத் தேவையில்லை. ஆனால் கூடவே நில்லுங்கள். புதிய பெயாரிங்கை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். ஒயிலில் இட்டு 100 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் பெயாரிங் அழுத்தமின்றியே இறங்கும், 120ஐத் தாண்டவிடாதீர்கள்.

அளக்கும் கருவிகளில் முதலாவது, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும், காந்த அடித்தளத்துடன் கூடிய டயல் கேஜ். இரண்டாவது, ஷிம்களையும் வொஷர்களையும் அளக்க 0 முதல் 1 அங்குலம் வரையான மைக்ரோமீட்டர். இரண்டையும் அங்குல அளவிலேயே வாங்குங்கள். பழைய ஆங்கிலேயக் கார்களின் கையேடும், பற்சக்கரங்களில் பொறித்த எண்களும் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குகளில் இருக்கும்போது, ஒவ்வொரு தடவையும் 25.4ஆல் பெருக்கிக்கொண்டிருந்தால் எங்கோ ஓரிடத்தில் தசமப் புள்ளி தவறிவிடும். எங்கள் கடல் காற்றில் இக்கருவிகள் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் ஒயில் துணியில் சுற்றி மூடிய பெட்டியில் வையுங்கள்.

வேலையின் உயிர் பினியனின் ஆழத்தில் இருக்கிறது. பினியன் தலைக்கும் பெயாரிங்குக்கும் இடையிலுள்ள ஒரு வொஷரின் தடிப்புத்தான், பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிறவுன் வீலின் மையத்திலிருந்து பினியன் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு பினியனும் கிறவுன் வீலும் சோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை என்பதால் ஒன்றை மட்டும் தனியே மாற்றக் கூடாது. சரியான ஆழத்திலிருந்து அந்தப் பினியன் எவ்வளவு விலகுகிறது என்பதைக் கூட்டல் அல்லது கழித்தல் குறியுடன் அதன் முகத்திலேயே பொறித்திருப்பார்கள். இந்தக் குறியை எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. உங்கள் காரின் தொழிற்சாலைக் கையேட்டின்படி மட்டுமே கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.

இந்த ஆழத்தை அளக்க சேர்ச்சில் செய்த கருவியின் எண் 18ஜி 191. உண்மையான பினியனுக்குப் பதிலாக ஒரு மாதிரிப் பினியனைப் பூட்டி, டயல் கேஜைச் செம்மையாகக் கடைந்த ஓர் உலோகக் கட்டையின் மேல் பூச்சியமாக்கி, பிறகு டிஃபரன்ஷல் பெயாரிங் அமரும் அரைவட்டக் குழிகளின் அடியில் நகர்த்திப் பார்ப்பதே அதன் முறை. இரண்டு குழிகளிலும் எடுத்த அளவுகளின் சராசரியிலிருந்து வொஷரின் தடிப்புக் கிடைக்கும். இன்று இக்கருவி கிடைப்பது அரிது. அது இல்லாவிட்டாலும் வழி உண்டு. பழைய பினியன் பெயாரிங் ஒன்றின் உள்துளையை எமரி துணியால் தேய்த்து, கையால் நழுவி ஏறுமளவு பெரிதாக்கிக்கொள்ளுங்கள். புதிய பெயாரிங்குக்கும் இதற்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்து எழுதி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வொஷரையும் சோதிக்கப் பெயாரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்காமல், எத்தனை தடவையும் கையாலேயே பூட்டிப் பிரிக்கலாம். தேவையான தடிப்பில் வொஷர் கிடைக்காவிட்டால், தடித்த ஒன்றை சேர்பேஸ் கிரைண்டிங் செய்யும் பட்டறையில் கொடுத்து இருபுறமும் சமமாக அரைத்துத் தரச் சொல்லலாம். கையால் அரத்தில் தேய்த்த வொஷரைப் போட வேண்டாம்.

அடுத்தது பினியன் பெயாரிங்குகளின் முன்னிறுக்கம், அதாவது சுமை வரும் முன்பே அவற்றில் வைக்கும் இறுக்கம். இதற்கான சேர்ச்சில் கருவி 18ஜி 207. இதற்கு மாற்று எளியது: ஒரு விற்றராசும் மெல்லிய நூலும். ஃபிளாஞ்சின் விளிம்பில் நூலைச் சுற்றி, விற்றராசால் சீராக இழுத்து, பினியன் சுழன்றுகொண்டிருக்கும்போது காட்டும் எடையைப் படியுங்கள். முதல் அசைவில் காட்டும் கூடிய எடையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அந்த எடையை ஃபிளாஞ்சின் ஆரத்தால் பெருக்கினால் முறுக்கு விசை வரும். ஆரம் 2 அங்குலமாகவும் இழுவை 5 இறாத்தலாகவும் இருந்தால் 10 அங்குல-இறாத்தல். இந்த அளவை ஒயில் சீல் பூட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும், ஏனெனில் சீலின் உராய்வு கணக்கைக் குழப்பும். இரண்டு பினியன் பெயாரிங்குகளுக்கும் நடுவே கட்டியான இடைவளையமும் ஷிம்களும் உள்ள எக்ஸலில், நட்டை முழு முறுக்குக்கு இறுக்கி, ஷிம்மைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். நசுங்கும் இடைவளையம் உள்ள வகையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும். அளவைத் தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது, புதிய வளையம்தான் போட வேண்டும்.

கிறவுன் வீலைப் பூட்டியதும் அதன் பின்முகத்தில் டயல் கேஜை வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுழற்றுங்கள், ஆட்டம் 0.002 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால், முதலில் பொருந்தும் முகங்களில் அழுக்கோ சிலும்போ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கேஜின் முனையைப் பல்லின் முகத்துக்குச் செங்குத்தாக வைத்து, பினியனை அசையாமல் பிடித்து, பற்களுக்கிடையிலான தளர்வை நான்கு இடங்களில் அளக்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது கிறவுன் வீலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்க ஷிம்மை எடுத்து மறுபக்கம் வைப்பதால் தளர்வு மாறும். மொத்தத் தடிப்பு மாறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெயாரிங்கின் இறுக்கம் மாறிவிடும்.

எண்கள் யாவும் சரியாக வந்த பின்பும் பற்களின் தொடுதடத்தைப் பார்க்காமல் மூடக் கூடாது. நீல மையை அல்லது பற்சக்கரப் பசையை ஏழெட்டுப் பற்களில் மெல்லப் பூசி, கிறவுன் வீலைத் துணியால் சற்று அழுத்திப் பிடித்தபடி, பினியனை இருதிசைகளிலும் சுழற்றுங்கள். தடம் பல்லின் நடுவே, உட்புற முனைக்குச் சற்று அருகில் நீள்வட்டமாக விழ வேண்டும். பல்லின் உச்சியில் விழுந்தால் பினியனைக் கிறவுன் வீலின் மையத்தை நோக்கி நகர்த்த வேண்டும், அதாவது வொஷர் தடிக்க வேண்டும். அடியில் விழுந்தால் மெலிய வேண்டும். வெளிப்புற முனையில் விழுந்தால் கிறவுன் வீலைப் பினியனுக்கு நெருக்கவும், உட்புற முனையின் விளிம்பில் விழுந்தால் விலக்கவும் வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள். ஆழத்தைச் சரிசெய்துவிட்டுத் தளர்வை மீண்டும் அளந்து, பிறகு மறுபடி மை பூசுங்கள். எனக்கு இது ஐந்து தடவை பிடித்தது. நான்காவது தடவையில் போதும் என்றே தோன்றியது. ஐந்தாவதில்தான் தடம் இருபக்கமும் ஒழுங்காக விழுந்தது.

இறுதியாகப் புதிய சீலை ஒயில் தடவி நேராக இறக்கி, பினியன் நட்டைப் புதிதாகப் போட்டு டோர்க் ரெஞ்சால் இறுக்கி, ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 ஹைப்பொய்ட் கியர் ஒயிலை நிரப்பும் துளையின் மட்டம் வரை ஊற்றுங்கள். மைனருக்கு ஒன்றரைப் பைந்து, ஏறக்குறைய 0.85 லீற்றர் போதும். முதல் ஓட்டத்தில் பத்து மைல் மட்டும் மிதமாக ஓட்டி நிறுத்தி, டிஃபரன்ஷல் கூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடாக இருந்தால் முன்னிறுக்கம் கூடிவிட்டது என்று கொண்டு, திரும்பவும் பிரித்து அளக்க வேண்டும். ஐந்நூறு மைல் ஓடியதும் அந்த ஒயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்து, காந்தத்தால் துழாவிப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டினால் புதிய ஒயிலை ஊற்றித் தொடர்ந்து ஓட்டலாம். சிறு செதில்களாக இரும்பு ஒட்டினால் கூட்டை மறுபடியும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.