தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது: அம்மாவிடம் கற்ற முறை

கூடத்து மூலையில் உறை போட்ட தம்புரா நிற்கும். பாடுவதென்னவோ கைபேசிச் சுருதிச் செயலியோடு. என்னிடம் பாட்டுக் கற்க வருகிறவர்கள் பலர் வீட்டில் இதுதான் நிலை. பாட்டியுடையதாக இருக்கும், இல்லாவிட்டால் மாமியாருடையதாக இருக்கும். "சேர்க்கத் தெரியாது மாமி, அதனால் தொடுவதில்லை" என்பார்கள். கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். நன்றாகச் சேர்க்க நாளாகும், அது வேறு விஷயம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அம்மா. மேடை ஏறியவள் இல்லை. மாயவரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. சாயங்காலம் வந்து முகம் கழுவி, காபி குடித்த கையோடு தம்புராவை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிடுவாள். பத்து நிமிஷப் பாட்டுக்கு அரைமணி சுருதியா என்று அப்பா கேலி செய்வார். எனக்குச் சங்கீதம் பிடித்துப்போனது அந்த அரைமணியில்தான். பாட்டெல்லாம் அப்புறம் வந்தது. இன்றைக்கும் கச்சேரியில் முதல் உருப்படி தொடங்குவதற்கு முந்தைய அந்தச் சில நிமிஷங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதனால் இங்கே சொல்வதெல்லாம் அவள் கைமுறை. உங்கள் குரு வேறு மாதிரி செய்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

முதலில் கம்பிகள். தம்புராவுக்கு நான்கு. முதலாவது மந்தர பஞ்சமம், அதாவது தாழ்ந்த 'ப'. நடுவில் இரண்டும் ஸட்ஜம், அதாவது 'ஸ': சாரணி, அனுசாரணி. கடைசியில் இருக்கிற பித்தளைக் கம்பி மந்தர ஸட்ஜம். மற்றவை எஃகு, தாழ்ந்த சுருதிக்காரர்கள் பஞ்சமத்துக்கும் பித்தளையோ வெண்கலமோ போடுவதுண்டு. கம்பி துருப்பிடித்திருந்தாலோ கறுத்துப் போயிருந்தாலோ அதை வைத்துக்கொண்டு மல்லாடாதீர்கள். வாத்தியக் கடையில் உங்கள் கட்டையைச் சொல்லி, அதற்கேற்ற கனத்தில் புதிதாக வாங்கிப் போடுங்கள். பழைய கம்பி ஒருநாளும் சேராது.

கட்டை என்பது உங்கள் ஸட்ஜம் எந்த உயரத்தில் என்று சொல்லும் ஆர்மோனியக் கணக்கு. 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, அப்படியே ஏறி 'ஜி' ஐந்து. பெண்கள் பெரும்பாலும் நாலரையிலிருந்து ஆறுக்குள் பாடுவார்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. பெண்களுக்கென்று செய்த சிறிய தம்புராவில் ஒரு கட்டை வைக்கப் பார்த்தால் கம்பி தொளதொளவென்று கிடக்கும். பெரிய தஞ்சாவூர்த் தம்புராவை ஐந்துக்கு இழுத்தால் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும். வாத்தியம் எந்தக் கட்டைக்கானது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வேலையைத் தொடங்கலாம். கம்பிகளைத் தாங்கும் பாலமான குதிரையின் மேல் கம்பிக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலை நான்கு கம்பிகளிலும் சற்று விலக்கிவிடுங்கள். குடத்தின் பக்கம் கம்பிகளில் கோத்திருக்கும் மணிகளை நடுவாக நிறுத்துங்கள். பிறகு மேலே தள்ளவும் கீழே இறக்கவும் இடம் வேண்டும். சுருதிப் பெட்டியில் உங்கள் ஸட்ஜத்தை வைத்துச் சாரணியைப் பிடியுங்கள். பிரடையை, அதாவது கம்பி சுற்றியிருக்கும் முளையை, திருப்பும்போது உள்பக்கம் அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கி இறங்கிவிடும். அப்படியும் நிற்கவில்லையென்றால் பிரடையை உருவி, நுனியில் சாக்பீஸ் தூள் தடவிச் செருகுங்கள். அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து துண்டுச் சாக்பீஸ் கொண்டு வருவாள், எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. இன்னொன்று: எப்போதும் சுருதிக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். மேலேயிருந்து இறக்கி வைத்த கம்பி கொஞ்ச நேரத்தில் இன்னும் இறங்கிவிடும்.

சாரணி நின்றதும் பெட்டியை அணைத்துவிடுங்கள். இதில் அம்மா கறார். மீதி மூன்றையும் தம்புராவைக் கேட்டே சேர்க்க வேண்டும்.

அனுசாரணியைச் சாரணியோடு சேர்ப்பதுதான் காதுக்கான உண்மையான பயிற்சி. இரண்டையும் அடுத்தடுத்து மீட்டிக் கேளுங்கள். ஏறக்குறைய ஒன்றாகிவிட்டபோது ஒலி பெருத்துச் சிறுத்து, பெருத்துச் சிறுத்து அலை அடிக்கும். ஐந்து கட்டையில் சாரணிக்கு நொடிக்குச் சுமார் 196 அதிர்வு. பக்கத்துக் கம்பி 197இல் இருந்தால் நொடிக்கு ஒரு அலை கேட்கும், 199இல் இருந்தால் மூன்று. நெருங்க நெருங்க அலை நீண்டுகொண்டே போய்க் கடைசியில் நின்றுவிடும். அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "ஆடறதா, நிக்கறதா, சொல்லுடி" என்று மட்டும் கேட்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு "ஆடறது... ஆடறது... நின்னுடுத்து" என்பேன். அப்போது எனக்கு ஐந்து வயதிருக்கலாம். முதல் பாடமான ஸரளி வரிசை தொடங்குவதற்கு வெகு முன்னால். வீட்டில் குழந்தை இருந்தால் இந்த வேலையை அதனிடம் கொடுங்கள். பெரியவர்கள் யோசிப்பார்கள், குழந்தை கேட்கும்.

அடுத்து மந்தர ஸட்ஜம், சாரணிக்கு ஒரு ஸ்தாயி கீழே. பிறகு பஞ்சமம். பஞ்சமம் சந்தேகமாக இருந்தால் ஸட்ஜத்தை வாயால் பிடித்து அங்கிருந்து பஞ்சமத்துக்குப் பாடிப் பாருங்கள்; கம்பி உங்களோடு உட்காருகிறதா என்று தெரிந்துவிடும். ஸ்ரீரஞ்சனி, ஹிந்தோளம் மாதிரி பஞ்சமம் இல்லாத ராகம் பாடும்போது என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. இந்துஸ்தானிக்காரர்கள் அந்தக் கம்பியை மத்தியமத்துக்கு ('ம') மாற்றிக்கொள்வார்கள். நம் மேடைகளில் பெரும்பாலும் பஞ்சமத்தை அப்படியேதான் விட்டு வைக்கிறோம்.

இப்போது ஜீவா. சேர்த்தாயிற்று என்று பலர் நிறுத்திவிடும் இடம் இது. நூல் இல்லாத தம்புரா டொக் டொக்கென்று வெறும் கம்பியாக ஒலிக்கும். பருத்தி நூலை எடுத்துக் கம்பிக்கும் குதிரைக்கும் இடையில் வைத்து, மீட்டிக்கொண்டே மெல்ல நகர்த்துங்கள். மயிரிழை தூரத்தில் ஓரிடம் வரும். அங்கே சட்டென்று ரீங்காரம் திறந்துகொள்ளும். அதைத் தாண்டினால் கரகரப்பு. தையல் நூல் போதாவிட்டால் இரட்டையாக முறுக்கிக்கொள்ளலாம். அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து இழை உருவுவாள். நைலான் வேண்டாம்.

குதிரையின் மேற்பரப்பு தட்டையாக இல்லாமல் இலேசாக வளைந்திருப்பதும் இந்த நூலும் சேர்ந்துதான் அந்த ரீங்காரத்தை உண்டாக்குகின்றன. அதிரும் கம்பி வளைவை உரசி உரசி மேல் அதிர்வுகளைக் கிளப்பிவிடுகிறது. சி.வி. ராமன் 1921இல் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்து இதைப் பற்றி எழுதினார். அவருடைய தகப்பனார் சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பவர் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் தாயார் மதுரை சண்முகவடிவு வீணைக் கலைஞர். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் ஆட்டத்துக்குப் பாடியது அவர் தாயார் ஜெயம்மாள். அந்த வீடுகளில் குழந்தைகள் கீர்த்தனை கேட்டதற்கு முன்னால் கம்பி சேர்ப்பதைத்தான் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஜீவா வைத்ததும் சுருதி கொஞ்சம் அசையும். பிரடையைத் தொடாதீர்கள், மணியால் சரிசெய்யுங்கள். மணியைக் குதிரையை விட்டுக் கீழ்நோக்கி இழுத்தால் கம்பி இறுகிச் சுருதி ஏறும், குதிரைப் பக்கம் தள்ளினால் இறங்கும்.

எல்லாம் சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மந்தரக் கம்பியை மட்டும் மீட்டிவிட்டு அது தேயும்வரை கேளுங்கள். யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் என்ற 'க' அதற்குள்ளிருந்து எழும்பும். சுயம்பு காந்தாரம் என்று சொல்வது இதைத்தான். ஐந்து கட்டையில் அந்தக் கம்பி 98 அதிர்வு. அதன் ஐந்து மடங்கான 490தான் இந்தக் காந்தாரம். முதல் நாளே கேட்காவிட்டால் கவலைப்படாதீர்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது.

மீட்டுவது சுலபம், ஆனால் கெடுப்பதும் சுலபம். நடுவிரலால் பஞ்சமம், ஆள்காட்டி விரலால் மற்ற மூன்றும். நகம் படக்கூடாது, விரல் நுனிச் சதையால் வருடவேண்டும். பாட்டின் தாளத்துக்கும் மீட்டலுக்கும் சம்பந்தம் கிடையாது. பல்லவி ஏறும்போது தம்புராவும் வேகமெடுத்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

சத்தமுள்ள இடத்தில் சேர்க்க வேண்டியிருந்தால் தம்புராவின் நீண்ட கழுத்தான தண்டியில் காதை ஒட்டிவையுங்கள். கடைசிக் காலத்தில் காது மந்தமான பிறகு அம்மா தாடையைத் தண்டியில் பதித்துக்கொள்வாள். எலும்பு வழியாக வந்த சுருதியை வைத்து, நான் சேர்த்ததில் அனுசாரணி ஒரு பொட்டு குறைகிறது என்பாள். குறைந்துதான் இருக்கும்.

குளிர்சாதன அரங்கில் கொஞ்ச நேரத்திலேயே கம்பி ஏறிவிடும். ஆகவே மேடைக்குப் பின்னறையில் சேர்த்ததை நம்பாமல் மேடையில் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் பிரடை ஈரத்தில் ஊதித் திருப்பவே வராது. முரட்டுத்தனம் காட்டினால் முறியும். வெயில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரயிலில் கொண்டுபோகும்போது நான்கு கம்பிகளையும் இரண்டு மூன்று ஸ்வரம் இறக்கிவிடுங்கள். முழுக்கத் தளர்த்தினால் சில தம்புராக்களில் குதிரை இடம்பெயர்ந்துவிடும். குடத்தைப் போர்வையால் சுற்றி, தண்டி எதிலும் முட்டாமல் மேல் பர்த்தில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் உறையைக் கழற்றி ஒரு மணிநேரம் சும்மா விட்டுவிட்டுச் சாரணியிலிருந்து தொடங்குங்கள்.