திருகோணமலையிலிருந்து பிளைட்: எத்தனை மணித்தியாலம் என்று நீங்களே கணக்குப் பார்ப்பது எப்படி

சென்னையில் இருக்கும் சித்தி போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "திருகோணமலை 500 கிலோமீட்டர்தானாம், ஒரு மணித்தியாலத்தில் வந்திடலாமே" என்றார். தூரம் சரி, ஆனால் அது நேர்கோட்டுத் தூரம். திருகோணமலைச் சீனக்குடாவில் ஓடுபாதை இருந்தும் சென்னைக்கு அங்கிருந்து பிளைட் இல்லையே. கொழும்புப் பக்கம் எயார்போர்ட் இருக்கும் கட்டுநாயக்கவுக்குப் போக வேண்டும், அது தெற்கே. சென்னையோ வடக்கே.

அதனால் ரோட்டையும் வானத்தையும் தனித்தனியாகக் கணக்குப் பாருங்கள்.

முதலில் வானம். சின்னத் தூரத்துக்கு அட்சரேகை போதும்: ஒரு பாகை கிட்டத்தட்ட 111 கி.மீ. கட்டுநாயக்க 7.2, சென்னை 13.0, வித்தியாசம் 5.8, பெருக்கினால் ஏறக்குறைய 645. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால்தான் இவ்வளவு சுலபம். லண்டன் மாதிரித் தூரத்துக்கு இது சரிவராது, தட்டையான வரைபடத்தில் அடிமட்டம் வைத்து அளந்தாலும் பிழைக்கும். பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்து, இலங்கையில் ஒரு விரலால் நூலை அமர்த்தி, லண்டன் வரை இழுத்துப் பிடியுங்கள். நூல் ஈரானுக்கும் கருங்கடலுக்கும் மேலால் வளைந்து போகும், அதுதான் குறுகிய பாதை. 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. நூல் இருபதரை செ.மீ. வரும், ஆக 8,700 கி.மீ. 2022இலிருந்து உக்ரேன் வான்வெளி மூடியிருப்பதால் விமானம் அந்த நூலிலேயே போகாது, கொஞ்சம் சுற்றும்.

தூரத்தைக் கிட்ட என்றால் 800ஆலும் தூர என்றால் 850ஆலும் வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டுங்கள். சென்னை 1 மணி 20 நிமிடம். லண்டன் பத்தே முக்கால், ஆனால் மேற்கே போகும்போது உயரக் காற்று எதிர்த்து அடிக்கும், 11 என்றே வையுங்கள். திரும்பி வரும்போது குறையும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் அந்தந்த ஊர் நேரம், பலர் இதில்தான் தடுமாறுவார்கள். பகல் 1 மணிக்கு ஏறி இரவு 7.30க்கு லண்டனில் இறங்குவதாகப் போட்டிருந்தால் ஆறரை மணித்தியாலம் இல்லை, கோடையில் நாலரை கூட்ட வேண்டும், குளிர்காலத்தில் ஐந்தரை. சென்னைக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு இடத்திலும் ஒரே நேரம்.

அப்புறம் ரோடு, உண்மையான பயணம் இதுதான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்க சுமார் 250 கி.மீ. வேனில் போனால் நேரம் குறைவு, பஸ்ஸில் ஆறு மணித்தியாலமாவது வேண்டும். இரவில் ஹபரணைப் பக்கம் யானை ரோட்டில் நின்றால் அது விலகும்வரை ஒன்றும் செய்ய முடியாது, அதற்கும் ஒரு மணித்தியாலம் கையில் வையுங்கள். எயார்போர்ட்டில் 3 மணித்தியாலம் முன்னால் நிற்க வேண்டும். எல்லாம் கூட்டி, இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணித்தியாலமும் சேர்த்தால் சென்னைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது, அதில் பறப்பது 1 மணி 20தான்.

யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போர்ட்டையும் பாருங்கள். வவுனியா வழியாக ரோடு கிட்டத்தட்ட கட்டுநாயக்க அளவுதான், அங்கிருந்து சென்னைக்கு வான்தூரமோ 355 கி.மீ.தான். விசிறி வைத்த சின்ன விமானம் என்றால் 800க்குப் பதில் 500ஆல் வகுங்கள்.

கூப்பிட வருகிறவரிடம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள், அதோடு ஒரு மணித்தியாலம் கூட்டிச் சொல்லுங்கள். சித்தி ஒருமுறை பெல்ட்டில் என் பெட்டி வருவதற்குள் ஏழு தடவை கோல் எடுத்துவிட்டார்.