பூஞ்சணம் பிடித்த சூட்கேஸ்: உட்பக்கத்தைச் சுத்தம் செய்யும் முறை

வன்னியில் பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே ஒரு பெரிய சூட்கேஸ் கிடக்கும். வெளிநாட்டில் இருந்து வந்த யாரோ விட்டுப் போனது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை ஊறப்போட்டு விட்டுப் போகும். தை பிறந்ததும் யாராவது கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வெளிக்கிடும்போதுதான் பெட்டி இறங்கும். போன வருடம் கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் அப்படித் திறந்தபோது அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ளுக்கு எலி ஏதும் செத்துக் கிடக்கோ?" என்று கேட்டார். எலி இல்லை, பூஞ்சணம்.

நான் அன்று செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் மூன்று வாளி தண்ணீர் ஊற்றி, சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தேன். மூன்றாம் நாள் அடிப்பக்கம் பொரித்த அப்பளம் போலப் பொங்கி நின்றது. துணிச் சூட்கேஸ்களில் உட்துணிக்குக் கீழே பெரும்பாலும் மட்டை வைத்திருப்பார்கள். அதற்குள் போன தண்ணீர் லேசில் வெளியே வராது. ஆகவே தண்ணீர் குறைவாக, காற்று நிறைய. கீழே சொல்வதெல்லாம் இரண்டாவது பெட்டியில் செய்து பார்த்து, சரிவந்தது.

தேவையானவை: பழைய பல் பிரஷ், இரண்டு பருத்தித் துணி, அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி, வினாகிரி, அப்பச்சோடா (பேக்கிங் சோடா).

முதலில் காலி செய்யுங்கள்

எல்லாப் பைகளுக்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள். எனக்கு உருகிய ரொபி ஒன்றும் இரண்டு ஹெயார்பின்னும் கிடைத்தன. அப்புறம் உட்துணியைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் நடுவிலோ ஓரத்திலோ ஒரு சிப் ஓடும். பலர் அதை ஒருநாளும் திறந்திருக்க மாட்டார்கள். திறந்தால் இழுவைக் கைபிடியின் இரண்டு குழாய்களும் சில்லுகளின் ஆணிகளும் தெரியும். மண் சேருவது அங்கேதான். குழாய்க்கும் மட்டைக்கும் இடையில் கபில நிறத்தில், பயறைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது கரப்பொத்தான் முட்டைக்கூடு. பிரஷ்ஷால் கிளப்பி எடுத்து எரித்துவிடுங்கள். சிப் இல்லாத பெட்டி என்றால் துணியை வெட்டிப் பார்க்கப் போகாதீர்கள்.

ஈரம் படுமுன் தூசி

முற்றத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பது நல்லது. தையல் ஓரங்களைப் பல் பிரஷ்ஷால் கிண்டினால் சோளகக் காற்றுக்கு வந்து படிந்த செம்புழுதி முழுக்க வெளியே வரும். இதை விட்டுவிட்டு நேரே ஈரத்துணியைப் போட்டால் புழுதி சேறாகித் துணியில் ஊறிவிடும். முடி, நூல் எடுக்க அகலமான டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரக் கையில் சுற்றி ஒற்றி எடுக்கலாம்.

துடைப்பது

துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டும் விழாத அளவுக்குப் பிழியுங்கள். சாயம் போகிறதா என்று முதலில் ஒரு மூலையில் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் நுரை லேசில் வராது, சவர் அப்படி. அதற்காகத் திரவத்தைக் கூட்டினால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு விழும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுதான் திறம். கடைசியாக வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருமுறை.

மிளகாய்த்தூள் கொட்டிய எண்ணெய்க் கறைக்கு முகப்பவுடரைத் தூவி அரை மணி நேரம் விட்டுத் தட்டிவிட்டு, பிறகு துடையுங்கள். மிஞ்சும் மஞ்சள் நிறத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், வெளிச்சம் பட அது தானே மங்கும்.

பூஞ்சணத்துக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியால் ஒற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் துடைக்க வேண்டும். பிளீச் வேண்டவே வேண்டாம். சாயம் போவது ஒரு பக்கம், வினாகிரியோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

காய வைப்பது

இரண்டு கதிரைகளின் மேல் பெட்டியை விரியத் திறந்து வேப்பமர நிழலில் வையுங்கள். நிலத்தில் வைத்தால் எறும்பு ஏறும். உட்துணிச் சிப்பும் திறந்தே இருக்கட்டும். காலை வெயில் கொஞ்ச நேரம் படலாம், உச்சி வெயில் கூடாது. பசை இளகி உட்துணி தொங்கிப் போகும். தை மாதம் என்றால் பின்னேரமே உள்ளே எடுத்துவிடுங்கள். பனி விழுந்தால் பகல் முழுக்கக் காய்ந்தது வீண். மூலையில் காய்ந்த ரிஷு ஒன்றை அழுத்திப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இன்னொரு நாள் வைக்க வேண்டியதுதான்.

நாற்றம் இன்னும் இருந்தால்

அப்பச்சோடாவைத் தூவி இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் தட்டிவிடுங்கள். அல்லது சிரட்டைக் கரியைப் பழைய சொக்ஸ் ஒன்றில் கட்டி இரண்டு மூன்று நாள் உள்ளே போடுங்கள். சொக்ஸ் இல்லாமல் போட்டால் பெட்டி கறுத்துவிடும். முல்லைத்தீவுக் கருவாடு ஏற்றிப்போன பெட்டி என்றால் ஒருமுறையில் போகாது, திரும்பச் செய்ய வேண்டும். அதன்மேல் சென்ற் அடித்தால் கருவாட்டுக்குப் பவுடர் பூசிய மாதிரித்தான்.

திரும்ப வைக்கும்போது சிப்பைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் பலகை ஒன்றின்மேல் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பைக்கற்றுகளை எறியாமல் உள்ளே போடுங்கள்.

எங்கள் பெட்டி காய்ந்த அன்றே அம்மா பழைய போர்வைகளோடு வந்து நின்றார். "தோய்த்துப் போட்டுத்தான் உள்ளே வைக்க வேணும்" என்று சொன்னேன். அவை இன்னும் கொடியில் தொங்குகின்றன.