படகுவீடு எடுக்கும் முன்: செட்டிநாட்டுக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் ஊருணி உண்டு, கண்மாய் உண்டு. படகேறி ஊர் ஊராகப் போக ஆறு கிடையாது. அதனால் லீவு விட்டதும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் ஆலப்புழைக்கு வேன் பிடிக்கின்றன. போய் வந்தவர்களிடம் கேட்டால், "ஏரியைச் சுத்துனோம், மீன் சாப்பிட்டோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆலப்புழையைச் சுற்றியுள்ள தாழ்வான வயல்வெளியான குட்டநாட்டின் உயிரே அதன் வாய்க்கால்களில்தான் இருக்கிறது. அவ்வளவு செலவழித்துப் போய் அதைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

இதற்குக் காரணம், பங்காளி வீடெல்லாம் சேர்ந்து ஒரே பெரிய படகாக எடுப்பது. இன்று படகுவீடாகியிருக்கும் கெட்டுவள்ளம் அந்தக் காலத்தில் நெல் ஏற்றிய படகு. ஆணி அடிக்காமல், ஆஞ்ஞிலிப் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டியது. பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டு வளர்ந்த நாம் குனிந்து பார்க்க வேண்டிய தச்சுவேலை. ஆனால் நாலைந்து அறையும் மாடியும் ஏற்றிவிட்டால் அது வேம்பநாட்டு ஏரியிலும் அகன்ற ஆற்றிலும்தான் ஓடும். மாடிப்படி செங்குத்தாக இருந்தால் முழங்கால் வலியுள்ள ஆச்சி கீழேயே உட்கார்ந்துவிடுவார். ஒன்றிரண்டு அறையுள்ள சின்னப் படகாக இரண்டு எடுங்கள். கூடவே கைநகரி, சம்பக்குளம் பக்கம் ஒரு மணி நேரமாவது ஷிகாரா என்னும் சின்னக் கூரைப் படகிலோ துடுப்பு வள்ளத்திலோ போய்வாருங்கள். அங்கே வீட்டு வாசற்படியே தண்ணீரில்தான் இறங்குகிறது. படியில் உட்கார்ந்து மீன் அலம்புகிறவர், வாத்துக் கூட்டத்தை வள்ளத்தில் பின்தொடர்ந்து ஓட்டிப்போகிறவர் எல்லோரையும் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

அடுத்தது நேரம். பெரும்பாலான படகுகள் மதியம் 12 மணிக்குக் கிளம்பும். மீனவர்கள் வலை விரிக்க வேண்டும் என்பதால் மாலை 5.30 வாக்கில் கரையில் கட்டிவிடுவார்கள், ராத்திரி ஓடாது. காரைக்குடியில் விடிந்தபின் வேன் எடுத்தால் பாதிப் பயணம் சாலையிலேயே போய்விடும். முதல் நாளே போய்த் தங்குங்கள். எர்ணாகுளம் - வேளாங்கண்ணி ரயில் காரைக்குடியில் நிற்கும். அது ஓடும் நாள் பார்த்து ஏறிக் கோட்டயத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஆலப்புழைக்குக் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகு உண்டு. ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். மிகக் குறைந்த டிக்கெட்டில் இரண்டரை மணி நேரம் வயலும் வாய்க்காலும் பார்க்கலாம்.

எந்த மாதம் போனாலும் பச்சை வயல் தெரியும் என்று நினைக்காதீர்கள். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்த வயல்களில் 'புஞ்சை' என்று அங்கே சொல்லும் நெற்போகம் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பங்குனி வாக்கில் அறுவடையாகும். மார்கழி, தை மாதங்கள் நல்லவை. ஆனி, ஆடியில் மழை வலுத்தால் வெள்ளம் வரும், படகையே நிறுத்திவிடுவார்கள்.

பாதுகாப்பில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊருணியில் நீந்திப் பழகிய பிள்ளை என்ற தைரியம் ஆழமான ஏரியில் செல்லாது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறி ஆளேற்றி இருட்டும் நேரத்தில் போன உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பல பேர் குழந்தைகள். உரிமத்தில் எத்தனை பேர் என்று இருக்கிறது, சின்னப் பிள்ளைக்குச் சேரும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். படகுத்துறையில் போட்டோ காட்டும் தரகரிடம் பணம் கொடுக்காமல், படகை நேரில் பார்த்த பிறகு கொடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். முறுக்கு, சீடை கொண்டுபோன பிளாஸ்டிக் பைகளைத் தண்ணீரில் போடாமல் திருப்பி எடுத்து வாருங்கள்; அந்தத் தண்ணீரில்தான் அங்குள்ளவர்கள் பாத்திரம் கழுவுகிறார்கள்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் தொண்டிக்குத் தெற்கே காரங்காடு இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் ஒரே நாளில் வீடு திரும்பலாம். வெயில் ஏறும் முன் காலையிலேயே போய்விடுங்கள்; படகு ஓடுகிறதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.