விளிம்பைப் படிக்காமல் பதக்கம் வாங்காதீர்கள்

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இங்கே டிரங்குப் பெட்டியிலிருந்தும், அடகுக்கடைத் தட்டிலிருந்தும், பழைய பாத்திரக் கடையிலிருந்தும் இன்றும் வெளியே வருகின்றன. இணையத்தில் வாங்கிய நகல்களும் அதே தட்டில் வந்து கலந்துவிடுகின்றன.

முதலில் மூன்று பதக்கங்களை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளியில் வரும், 36 மி.மீ. விட்டம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் இடப்பக்கம் பார்த்த தலை. மறுபக்கம் ஆடையில்லாத குதிரைவீரன், குதிரையின் காலடியில் கழுகுக் கேடயம், அருகே மண்டையோடு, 1914, 1918 என்ற ஆண்டுகள். மேலே ரிப்பன் கோக்க நேரான கம்பி, அது சுழலாது. விக்டரி மெடல் வெண்கலம், அதே 36 மி.மீ.; சிறகு விரித்த பெண் உருவம், மேலே வளையம், வானவில் நிற ரிப்பன். மூன்றாவது 1914–15 ஸ்டார், நான்கு முனை கொண்ட வெண்கல நட்சத்திரம். பின்பக்கம் வழவழப்பாக இருக்கும், பெயர் அங்கேதான்.

விக்டரி மெடல் பெற்ற எல்லோருக்கும் வார் மெடலும் உண்டு. எனவே ஒரு வீட்டில் வெண்கலம் மட்டும் இருந்தால் வெள்ளி எங்கோ போயிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் உருக்கப்பட்டிருக்கும். 1980இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை எகிறியபோது உலகம் முழுக்க இந்தப் பதக்கம் ஆயிரக்கணக்கில் உலைக்குப் போனது. நம் ஊரில் அதற்கு முன்பும் பின்பும் கொலுசு மாற்றும்போதெல்லாம் போயிருக்கிறது. வார் மெடல் தனியாக இருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, அது மட்டும் பெற்றவர்கள் உண்டு.

வார் மெடலில் வெண்கல வகையும் உண்டு. தொழிலாளர் படை, சுமைதூக்குவோர் படை, முகாம் வேலையாட்களுக்கு அதைக் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 1,10,000 மட்டுமே, வெள்ளியோ 60 லட்சத்துக்கும் மேல். ஆகவே 'வெறும் பித்தளை' என்று கடைக்காரர் ஒதுக்கிப் போடுவதை முதலில் கையில் எடுங்கள். அதே சமயம், வெண்கலத்தின் விளிம்பில் சிப்பாய் என்ற பதவி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

இனி விளிம்பு. பதக்கத்தின் மதிப்பில் பெரும்பங்கு அதில்தான், மோசடியும் அதில்தான். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் இருந்த பிரிவுகள்: 2வது குயீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் (மெட்ராஸ் சாப்பர்கள், ராணுவப் பொறியாளர் படை), 73, 75, 79, 80, 86, 88 ஆகிய கர்னாடிக் இன்ஃபன்ட்ரிகள் (காலாட்படைகள்), 83 வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 61, 64, 81 பயனியர்கள் (பாதை அமைக்கும் படைகள்), 63 பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. இந்தப் பெயர்களெல்லாம் சுருக்கி அச்சடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி எண் வரிசை என்பதால் 2145 என்ற எண் பல பிரிவுகளில் இருக்கும். எண்ணையும் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள்.

பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முனுசாமி என்பவரை எழுத்தர் காதில் விழுந்தபடி முனிசாமி, மூனசாமி என்று எழுதியிருப்பார். தலைப்பெழுத்து இருக்காது, அப்பா பெயர் இருக்காது. வீட்டில் டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் ஊர், தாலுகா, 'நார்த் ஆற்காட்' என்ற மாவட்டப் பெயர் வரை கிடைக்கும். பதக்கத்தை விட அந்தத் தாளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

பெயர் அழித்து மறுபெயர் வெட்டியதைக் கண்டுபிடிக்க 10 மடங்கு நகைக்கடை லென்ஸும் டிஜிட்டல் வெர்னியரும் போதும். விட்டத்தை நான்கு திசையில் அளந்து பாருங்கள். எழுத்து இருக்கும் பகுதியில் மட்டும் 0.1 முதல் 0.3 மி.மீ. குறைந்தால் அங்கே அரம் ஓடியிருக்கிறது. முகப்பைச் சுற்றியுள்ள மேட்டு வளையம் ஓரிடத்தில் மட்டும் ஒல்லியாக இருப்பதும் அதே கதை. பிறகு செல்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள்: எழுத்துக்கு அடியில் ஒரே திசையில் ஓடும் நுண்கோடுகள், பழைய எழுத்தின் நிழல் தெரிகிறதா? அச்சுக் குத்திய எழுத்தின் கரையில் உலோகம் லேசாகப் பிதுங்கி நிற்கும். கையால் செதுக்கியதில் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும், பிதுங்கல் இருக்காது. எழுத்துக் குழிக்குள் உள்ள அழுக்கும் வெளியே உள்ள அழுக்கும் ஒரே வயதாகத் தெரிய வேண்டும்; குழி மட்டும் மை பூசியதுபோல் சீராகக் கறுத்திருந்தால் ரசாயனக் கறுப்பு.

பிரிட்டிஷ் சிப்பாய்களின் பதக்கப் படங்களோடு எழுத்து வடிவை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அதே இந்தியப் பிரிவின் இன்னொரு பதக்கத்தோடு ஒப்பிடுங்கள். தொலைத்துவிட்டு வேறொன்றை வாங்கித் தன் பெயரை வெட்டிக்கொண்ட சிப்பாய்களும் உண்டு. அது மோசடி ஆகாது, ஆனால் முழு விலைக்கும் தகாது.

வெள்ளியா என்று பார்க்க ஆசாரியிடம் கொடுத்து உரைகல்லில் உரச விடாதீர்கள். அவர் உரசுவது விளிம்பாகத்தான் இருக்கும். வீட்டிலேயே தண்ணீர் எடை போடுங்கள். 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் முதலில் உலர்ந்த எடை. அசல் வெள்ளி வார் மெடல் 1 அவுன்ஸ், அதாவது 31 கிராம் சுற்றுவட்டாரத்தில் நிற்கும். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துச் சுழியமாக்குங்கள். பதக்கத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் சுவரிலும் படாமல் முழுக்க மூழ்க விடுங்கள். 31.5 கிராம் பதக்கம் என்றால் தராசு 3.05 வாக்கில் காட்ட வேண்டும், உலர்ந்த எடையை அதால் வகுத்தால் 10.3, அது ஸ்டெர்லிங் வெள்ளி (92.5 சதவீத வெள்ளி). 8.9 வந்தால் செம்பு-நிக்கல், 7 ஒட்டி வந்தால் துத்தநாக வார்ப்பு. காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும், தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் குமிழி நிற்காது. பழைய தையலோடு ரிப்பன் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், தையலைப் பிரிக்கவும் வேண்டாம்.

நகைக்கடைத் தெருவில் கேரட் மீட்டர் (உலோகக் கலவையைக் காட்டும் எந்திரம்) வைத்திருப்பவரிடம் ஒரு சோதனை போடலாம், கீறல் விழாது. வெள்ளி 92–93, மிச்சம் செம்பு என்று வர வேண்டும். அந்த எந்திரம் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும், தடித்த வெள்ளி முலாமில் ஏமாறும். அதனால் தண்ணீர் எடையோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

இங்கே அதிகம் கண்ணில் படும் சேதம் வேறு: பதக்கத்தை டாலராக்கிக் கழுத்தில் போட்டிருப்பார்கள். நேர்க்கம்பியை அறுத்துவிட்டுக் கொண்டி பற்றவைத்திருப்பார்கள், அல்லது துளை போட்டிருப்பார்கள். கம்பி சேரும் இடத்தில் பற்றவைப்பின் வெளிர் நிறத் திட்டு தெரிந்தால், கம்பி பிற்காலத்தில் மாட்டியது. பதக்கம் அசல்தான், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ரிப்பனை 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சில் பார்ப்பது வழக்கம். பாலியஸ்டரும் புது நூலும் நீலமாக ஒளிரும், பழைய பட்டு ஒளிராது. ஆனால் பாட்டி ஒருமுறை சலவைத் தூளில் நனைத்திருந்தால் நூறு வருஷ ரிப்பனும் ஒளிரும். அதனால் ரிப்பனை வைத்து மட்டும் பதக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். ரிப்பன் மாற்றக்கூடிய பொருள்தான்.

'மூன்று பதக்கம் செட்' என்று கொடுத்தால் மூன்றிலும் எண்ணும் பெயரும் பிரிவும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்டாரில் சிப்பாய், வார் மெடலில் நாயக் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், இடையில் பதவி உயர்ந்திருக்கும். பிரிவு எங்கே போனது என்பதும் உதவும்: 63 பாளையங்கோட்டையும் 61 பயனியர்களும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் சண்டையிட்டவர்கள், அந்தப் பிரிவுகளின் பெயரில் ஸ்டார் வருவது இயல்பு. இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இலவசத் தேடலில் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் 100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களுக்குப் பொருந்தும். வெளிநாட்டு வாங்குபவருக்குப் பார்சல் கட்டாதீர்கள், தொழிலாக விற்க உரிமம் வேண்டும்.

வாங்கியதும் புளி, விபூதி, சபீனா எதுவும் வேண்டாம். ஒரே தேய்ப்பில் முகமும் மழுங்கும், எழுத்துக் கரையும் போகும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலை அருகே குடியிருப்பவர்களின் வெள்ளி சீக்கிரம் கறுக்கும், சுண்ணாம்புத் தொட்டியில் போடும் சல்பைடிலிருந்து எழும் வாயுதான் காரணம். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் அதே கெடுதலைச் செய்யும், பி.வி.சி. ஆல்பமும் பதக்கத்தைக் கெடுக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி பாலியஸ்டர் உறையில் போட்டு, இறுக மூடும் டப்பாவில் 5 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் போடலாம்.